எல்லாத் தூதருக்கும் ஒரே இனிஷியல்

செல்வலட்சுமியைப் பற்றி எழுத உட்கார்ந்தால் அவளுடைய பொறாமையிலிருந்துதான் தொடங்க வேண்டும். நன்றாகச் சமைப்பாள், கைவேகம் உள்ளவள், யாருக்கும் கடன்படாதவள் என்று வேறு எதையாவது சொல்லி ஆரம்பித்தால் அவளே சிரித்துவிடுவாள். பொறாமைப்படாதவர்கள் என்று எங்கள் தெருவில் யாரும் கிடையாது. நானும் படுவேன். ஆனால் நாங்களெல்லாம் அதை முந்தானைக்குள் முடிந்து வைத்துக்கொள்வோம். அவள் மூக்குத்தி மாதிரி முகத்தில் போட்டுக்கொண்டு திரிவாள்.

அவள் பிறந்தது வெம்பக்கோட்டைப் பக்கம். அப்பா சோலைச்சாமி மழை பெய்தால் காட்டு வேலைக்கும், பெய்யாவிட்டால் பட்டாசு கம்பெனிக்கும் போனவர். மகளைப் பன்னிரண்டாம் வகுப்பு வரை படிக்கவைத்து, டைப்ரைட்டிங்கும் படிக்க அனுப்பினார். அதில் இங்கிலீஷ் ஹையர் பரீட்சையில் முதல் வகுப்பில் தேறினாள். ஏதாவது ஓர் ஆபீஸில் மின்விசிறிக்குக் கீழே உட்காரப் போகிறோம் என்று அவள் நினைத்திருந்தபோது நாரணாபுரத்து முனியராஜ் அண்ணனுக்குக் கட்டிவைத்துவிட்டார்கள். அவர் தங்கமான மனுஷன். தான் வேலை பார்த்த பட்டாசு கம்பெனியிலேயே பேக்கிங் பிரிவில் இவளையும் சேர்த்துவிட்டார். டைப் அடித்த விரல் பசை தொட்டு லேபிள் ஒட்டியது. அதில் அவளுக்கு வருத்தம் உண்டு, பொறாமை இல்லை. பக்கத்தில் இருந்தவர்கள் அத்தனை பேரும் பசைதான் தொட்டார்கள்.

எழில் வந்த பிறகுதான் எல்லாம் ஆரம்பித்தது. எழில், முனியராஜ் அண்ணனுடைய தம்பி பிரபாகரனுக்கு வாழ்க்கைப்பட்டு காரியாபட்டியிலிருந்து வந்தவள். விருதுநகரில் காலேஜ் படித்து கம்ப்யூட்டரில் பட்டம் வாங்கியவள். வந்த சூட்டோடு சிவகாசியில் ராஜபாண்டியன் சாருடைய ஆப்செட் பிரஸ்ஸில், மாடியில் இருந்த கம்ப்யூட்டர் அறையில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். அந்த அறையில் ஏசி இருந்தது. மனிதர்களுக்காக இல்லை, மிஷின்களுக்காகப் போட்டது. அவளுக்குப் பக்கத்து நாற்காலி என்னுடையது. என் வீடும் அவர்கள் வீட்டுக்குப் பின்தெருதான். வெள்ளைத்தாய்க்கு இதெல்லாம் எப்படித் தெரியும் என்று யாரும் கேட்க வேண்டாம் என்பதற்காகச் சொல்கிறேன்.

ஒரே வீட்டில் இரண்டு மருமகள்கள். மாமியார் வேலுத்தாய் அத்தை கெட்டவர் இல்லை. ஆனால் படித்த ஆளைக் கண்டால் அவர் நாக்கு தானாக மரியாதைக்குப் போய்விடும். ஊசி போட வருகிற நர்ஸுக்கு ‘வாங்க’. பள்ளிக்கூட டீச்சருக்கு ‘வாங்க’. மருமகளுக்கு யாராவது மரியாதை போட்டுப் பேசுவார்களா? அத்தை பேசினார். எழில் பஸ்ஸை விட்டு இறங்கி வந்தால், “எளிலு, வாங்க. வெயில்ல வந்திருக்கீக. சாப்பிட்டீகளா?” என்பார். அவருக்கு ழ வராது, அதனால் எளிலு. அதே வாசலில் அதே வெயிலில் கையெல்லாம் பசையோடு செல்வலட்சுமி வந்தால், “ஏளா, அந்தக் கொடத்த எடுத்து உள்ள வையி” என்பார்.

செல்வலட்சுமிக்கு வயிறு எரிந்தது. எழிலின் புடவையைப் பார்த்து எரியவில்லை, அவள் பட்டத்தைப் பார்த்துக்கூட எரியவில்லை. அந்த ‘வாங்க’வும் அந்த ‘சாப்பிட்டீகளா’வும்தான் அவளைச் சுட்டன. மூத்த மருமகள் நான், எனக்கு ‘ஏளா’, நேற்று வந்தவளுக்கு ‘வாங்க’வா என்று கிணற்றடியில் என்னிடம் வந்து கரித்துக்கொட்டுவாள். எழிலிடம் ஒரு வார்த்தை கேட்கமாட்டாள். கேட்டால் எழில், “எனக்கே கூச்சமா இருக்குக்கா” என்று சொல்லிவிடுவாள். அப்படிச் சொன்னால் அதற்கும் இவள் எரிவாள்.

இரண்டாயிரத்து நாலில் சீசன் முடிந்து பிரஸ் கொஞ்சம் மூச்சு விட்ட நேரத்தில் ராஜபாண்டியன் சாருக்கு ஒரு விசித்திரமான ஆர்டர் வந்தது. சென்னையில் ஒரு பார்ட்டி. வெளிநாட்டுப் பயணத்துக்கு விசா வாங்குகிறவர்களுக்காக அவர்கள் ஓர் இணையதளம் தொடங்கப் போகிறார்களாம். உலகத்தில் எந்தெந்த நாட்டுக்கு எந்தெந்த ஊரில் தூதரகம் இருக்கிறது என்ற விவரமெல்லாம் ஒரு சிடியில் எக்செல் ஷீட்டாக வந்து இறங்கியது. வரிசைக்கு ஒரு தூதரகம். அதில் முகவரி, போன், பேக்ஸ், தூதர் பெயர், ஆபீஸ் நேரம், விடுமுறை நாள். அந்த ஒவ்வொரு வரியையும் தனித்தனிப் பக்கமாக்கித் தர வேண்டும். தேடுகிற ஆள் நேராகத் தனக்கு வேண்டிய தூதரகத்தின் பக்கத்தில் வந்து நிற்க வேண்டுமாம்.

இது என்ன வேலை என்று வேறு ஊர்க்காரர்களுக்கு விளக்க நாள் பிடித்திருக்கும். ராஜபாண்டியன் சார் எங்களுக்கு ஒரே வரியில் விளக்கினார். காலண்டர் அடிக்கிறோம், எல்லாத் தாளிலும் படம் ஒன்றுதான், கீழே கடைப்பெயர் மட்டும் கடைக்குக் கடை மாறுகிறது இல்லையா, அதுதான் இது, கடைக்குப் பதில் தூதரகம் என்றார். எங்களுக்கு உடனே புரிந்துவிட்டது. மதுரையிலிருந்து ஓர் இன்ஜினியர் வந்து மாஸ்டர் பக்கம் ஒன்று செய்துவைத்துவிட்டுப் போனார். அதில் கட்டங்கள் இருக்கும். ஷீட்டைப் பார்த்துக் கட்டங்களை நிரப்பினால் அந்தத் தூதரகத்துக்கு ஒரு பக்கம் தயாராகிவிடும்.

ஆள் போதவில்லை. டைப் தெரிந்த பெண்கள் வேண்டும் என்று பிரஸ் வாசலில் எழுதிப் போட்டார்கள். அடுத்த நாள் காலையில் மாடிப்படி ஏறி வந்தவர்களில் செல்வலட்சுமியும் இருந்தாள். வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை, கம்பெனிக்குப் போவதாகக் கிளம்பி இங்கே வந்துவிட்டாள். கம்ப்யூட்டரை அவள் தொட்டதே கிடையாது. ஆனால் கீபோர்டில் எழுத்து இருக்கிற இடம் டைப்ரைட்டரில் இருக்கிற அதே இடம்தான். சார் கொடுத்த தாளை அவள் அடித்த வேகத்தில் கீழே ஓடுகிற மிஷின் சத்தம் மாடிக்கு வந்துவிட்டதோ என்று நினைத்தேன். அவ்வளவு அழுத்தி அடித்தாள்.

எழில் எழுந்து வந்து, அக்கா, நீங்க இப்படி அடிப்பீங்கன்னு எனக்குத் தெரியவே தெரியாதே என்று வாயெல்லாம் பல்லாக நின்றாள். மறுபக்கத்து நாற்காலியில் இருந்த தன் பையை எடுத்துவிட்டு இடம் கொடுத்தாள். செல்வலட்சுமிக்கு முகம் சுருங்கிவிட்டது. எழில் திடுக்கிட வேண்டும் என்று கனவு கண்டு வந்தவள் அவள். எழில் பூரித்துப்போனதை எங்கே கொண்டுபோய் வைப்பது?

வீட்டிலும் எதிர்பார்த்தது நடக்கவில்லை. ஏசி அறையிலிருந்து பசை இல்லாத கையோடு திரும்பி வந்தவளை வேலுத்தாய் அத்தை ஏற இறங்கப் பார்த்தார். “ஆர்டர் முடிஞ்சா திரும்ப லேபிள் ஒட்டப் போறவதான, ஏளா. ரொம்ப நெளியாத” என்றார். எழில் நிரந்தரம், இவள் தற்காலிகம். அத்தையின் மரியாதைக்கு அதுதான் கணக்கு. அன்றிலிருந்து செல்வலட்சுமிக்கு வேண்டியது ஒன்றே ஒன்றாகிவிட்டது, அந்த அறையில் நிரந்தரமாக ஒரு சீட்டு.

வேலையைப் பிரித்தபோது எழிலுக்கு ஐரோப்பா வந்தது, செல்வலட்சுமிக்கு ஆப்பிரிக்கா, எனக்கு ஆசியாவில் பாதி. இதற்கும் பொறாமைப்பட ஒருத்தி இருப்பாள் என்று நான் நினைக்கவில்லை. எழிலுக்கு மட்டும் தெருப்பெயர், கதவு எண், மாடி எண் எல்லாம் இருக்கிறது, என் நாடுகளுக்கெல்லாம் தபால் பெட்டி எண்ணோடு முடிந்துபோகிறது என்று முறையிட்டாள். அடிக்கச் சுருக்கமாக இருக்கிறதே, நல்லதுதானே என்றேன். சுருக்கமாக இருந்தால் மதிப்பு இல்லை என்றாள். எழிலுடைய தூதரகங்கள் மத்தியானம் மூன்று மணிக்கே மூடிவிடுகின்றன, என்னுடையவை ஐந்து வரை திறந்திருக்கின்றன என்று ஒருநாள் அதற்கும் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டாள். தூதரகத்தில் உட்கார்ந்திருப்பது என்னவோ அவளே என்பது போல.

இப்போது அந்த இனிஷியல் விஷயத்துக்கு வருகிறேன். மதுரை இன்ஜினியர் செய்த மாஸ்டரில் தூதரின் பெயருக்கு இரண்டு கட்டங்கள் வைத்திருந்தார். ஒன்று பெயர், இன்னொன்று இனிஷியல். பள்ளிக்கூடத்தில், ரேஷன் கார்டில், பேங்கில், நாம் நிரப்புகிற எல்லாப் படிவத்திலும் அப்படித்தானே இருக்கும். தயாரான பக்கத்தில் வரும்போது பெயர் முன்னாலும் இனிஷியல் பின்னாலுமாக வரும். ஷீட்டிலோ ஒவ்வொரு தூதர் பெயருக்கும் முன்னால் எச் என்றும் இ என்றும் இரண்டு எழுத்து, புள்ளி வைத்து. எங்களைப் பொறுத்தவரை பெயருக்கு முன்னால் புள்ளி வைத்த எழுத்து வந்தால் அது அப்பா பெயர், இல்லையென்றால் ஊர் பெயரும் அப்பா பெயரும். வேறு எதுவாகவும் இருக்க முடியாது. எழில் எங்களில் மூத்த ஆபரேட்டர், அவளைக் கேட்டோம். இனிஷியல் கட்டத்தில் போடச் சொன்னாள்.

எல்லாருக்கும் எப்படி ஒரே இனிஷியல் என்று நான் கேட்கத்தான் செய்தேன். நம்ம ஊரில் பாதிப் பேருக்கு எம் இல்லையா, அங்கே இது போல என்றாள். சாரும் எட்டிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. அவர் காசிராஜன் மகன், கே.ராஜபாண்டியன். அவருக்கும் பெயருக்கு முன்னால் எழுத்து என்றால் அப்பாதான். ஆக, உலகத்தில் உள்ள தூதர்கள் அத்தனை பேரும் எங்கள் அறையில் எச்.இ. என்ற ஒரே தகப்பனுக்குப் பிறந்துகொண்டிருந்தார்கள்.

வேலை பாதியைத் தாண்டியபோது சார் எங்களைக் கூப்பிட்டு ஒரு விஷயம் சொன்னார். தூதர்கள் மாறிக்கொண்டே இருப்பார்களாம், பக்கங்களைத் திருத்திக்கொண்டே இருக்க வேண்டுமாம். அதற்காக ஆர்டர் முடிந்ததும் ஒரே ஒருவரை நிரந்தரமாக வைத்துக்கொள்வார். எழிலும் நானும் அதுவரை பார்த்துவந்த லேபிள் டிசைன் வேலையை வெளியே கொடுக்க முடிவு செய்திருந்ததால் மாடியில் அந்த ஒரு சீட்டுத்தான் மிஞ்சும். யாருடைய பக்கங்களில் தப்பு குறைவோ அவருக்கு அது என்றார். எனக்குக் கவலை இல்லை, காரியாபட்டியில் மாப்பிள்ளை பேசி முடித்திருந்தார்கள். மற்ற பெண்கள் வேகத்திலும் சுத்தத்திலும் இவர்களுக்குக் கிட்டே வரமாட்டார்கள். போட்டி ஓரகத்திகள் இருவருக்கும்தான். எழில் அதை அப்படி நினைக்கவில்லை. இவள் அதைத் தவிர வேறெதையும் நினைக்கவில்லை.

சில நாள் கழித்து, மாறிய தூதர்களின் பெயரோடு கூடுதலாக ஒரு ஷீட் வந்தது. செல்வலட்சுமியின் நாடு ஒன்றில் ஆண் தூதர் போய்ப் பெண் தூதர் வந்திருந்தார். இனிஷியல் அதே எச்.இ.  செல்வலட்சுமிக்கே கல்யாணத்துக்கு முன்னால் அப்பா பெயரில் எஸ், பின்னால் புருஷன் பெயரில் எம். அந்தக் கணக்கில் யோசித்துவிட்டு என் பக்கம் சாய்ந்தாள்.

“புருஷன் செத்துட்டாரு போலடி. பொண்டாட்டிக்கு வாரிசு வேலை குடுத்திருக்காக. குடுத்து வச்சவ” என்றாள்.

முகம் தெரியாத ஒரு தேசத்தின் தூதரம்மாளைப் பார்த்து, அவள் தாலியை இவளே அறுத்துவிட்டு, அதற்கும் இவளே பொறாமைப்பட்டாள். நான் சிரித்து மாளவில்லை. சிரித்து முடித்துத் திரும்பிப் பார்த்தபோது அவள் சிரிக்காமல் அடுத்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தாள். என்ன என்றேன். ஒன்றுமில்லை என்றாள். அந்த ஒன்றுமில்லை என்ன என்று பல வருஷம் கழித்து அவளே சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

அடுத்த வரியில் யாரோ சுருக்காமல் முழுசாக அடித்திருந்தார்கள். ஹர் எக்ஸலென்சி. அதாவது மேன்மைதங்கிய அம்மையார். ஆண் என்றால் ஹிஸ் எக்ஸலென்சி; இரண்டுக்கும் சுருக்கம் எச்.இ.தான். கவர்னருக்கு எழுதுகிற கடிதம் என்று டைப்ரைட்டிங் வகுப்பில் அடித்துப் பழகியது அவளுக்கு ஞாபகம் வந்துவிட்டது. எச்.இ. என்பது அப்பனும் இல்லை, புருஷனும் இல்லை. அது மரியாதை. பெயருக்கு முன்னால் வரவேண்டிய மரியாதையை நாங்கள் எல்லோரும் பின்னால் தள்ளித் தகப்பன் பெயராக்கிவிட்டிருந்தோம். மரியாதைக்காக அத்தனை நாள் வயிறெரிந்தவள் கண்ணில் அது பட்டது எனக்கு இப்போது ஆச்சரியமாக இல்லை.

அவள் அதை யாரிடமும் சொல்லவில்லை. எழிலிடம் சொன்னால் எழில் தன் பக்கங்களைத் திருத்திக்கொள்வாள், எல்லோருக்கும் சொல்லிக் கொடுப்பாள், கண்டுபிடித்தவள் என்ற பெயரும் எப்படியோ எழிலுக்கே போய்விடும். அதனால் வாயைத் திறக்காமல் தன்னுடைய ஆப்பிரிக்காவை மட்டும் திருத்தினாள். நாங்கள் சாப்பிடப் போகும்போது தலைவலி என்று உட்கார்ந்துவிடுவாள். எழில் அவளுக்காகப் பெட்டிக்கடையில் தலைவலி மாத்திரை வாங்கிவந்து மேஜையில் வைப்பாள். அந்த மாத்திரைகளை என்ன செய்தாள் என்று நான் கேட்கவில்லை.

ஆர்டர் முடிகிற சமயத்தில் சென்னையிலிருந்து போன் வந்தது. சார் கேட்டுவிட்டுக் கீழேயிருந்து இரண்டிரண்டு படியாக ஏறி வந்தார். அவர் கத்துகிற ஆள் இல்லை, அன்றும் கத்தவில்லை. அந்தப் பார்ட்டி, உங்க ஊர்ல தூதரெல்லாம் அண்ணன் தம்பியாங்க என்று கேட்டுச் சிரித்தானாம். சிரித்ததுதான் அவரால் தாங்க முடியவில்லை. ஒவ்வொரு மிஷினாக உட்கார்ந்து பார்த்தார். எழிலுடைய பக்கங்கள் முழுக்கத் தப்பு. என்னுடையது தப்பு. செல்வலட்சுமியின் மிஷினுக்கு வந்தார். ஒரு பக்கம் பார்த்தார், இன்னொன்று பார்த்தார், நாற்காலியை இழுத்துப் போட்டுப் பத்து இருபது பக்கம் பார்த்தார். எல்லாம் சரி. எச்.இ. முன்னால், பெயர் பின்னால்.

செல்வலட்சுமி எழிலையே பார்த்துக்கொண்டு நின்றாள். அந்த முகம் கறுப்பதைப் பார்க்கத்தானே இத்தனை நாள் பட்டினி கிடந்தாள். அந்த நேரத்தில் சார் திரும்பி, சாதாரணமாக, ஒரு கேள்வி கேட்டார்.

“எப்பத்துலருந்தும்மா உனக்கு இது தெரியும்?”

இந்தக் கேள்விக்கு அவள் தயாராகவில்லை. இத்தனை யோசித்தவள் இதை யோசிக்கவில்லை. நேற்றுத்தான் தெரியும் என்றால் இத்தனை பக்கம் ஒரு நாளில் திருத்தியிருக்க முடியாது. ஒரு மாதமாகத் தெரியும் என்றால், தெரிந்தும் ஏன் என் பெயர் சந்தி சிரிக்கும் வரை சும்மா இருந்தாய் என்று கேட்பார்.  அவளுக்கு நெற்றியில் வேர்த்தது, ஏசி ஓடிக்கொண்டிருந்தது. சீட்டு கையை விட்டு நழுவிக்கொண்டிருந்ததை அவள் முகத்தில் நாங்கள் எல்லோரும் பார்த்தோம்.

“அக்கா அன்னைக்கே சொன்னாங்க சார்” என்றாள் எழில். “நான்தான் கேக்கல. இனிஷியல்தான்னு சாதிச்சிட்டேன். அவங்க பக்கத்தயாவது மாத்திக்கிறேன்னாங்க. சரின்னு விட்டுட்டேன்.”

அப்படி ஒரு பேச்சே நடக்கவில்லை. பக்கத்து நாற்காலியில் இருந்த எனக்குத் தெரியும். செல்வலட்சுமிக்குத் தெரியும். எழிலுக்குத் தெரியும். சாருக்கு மட்டும் தெரியாது. அவர் எழிலைப் பார்த்து, படித்த பிள்ளை என்றால் கூட இருக்கிறவர்கள் சொல்வதையும் காதில் வாங்க வேண்டும் என்று பொறுமையாகச் சொன்னார். பிறகு செல்வலட்சுமியிடம், ஆர்டர் முடிந்த பிறகும் நீயே இரு என்றார். முடிந்துவிட்டது. அவள் கேட்டது கிடைத்துவிட்டது. அவள் தலையை ஆட்டினாள், சந்தோஷப்பட்ட மாதிரி தெரியவில்லை.

மற்றவர்களுடைய பக்கங்களையெல்லாம் ராத்திரி வரை உட்கார்ந்து திருத்தினோம். எல்லாவற்றையும் ஒரே தடவையில் மாற்ற எழிலுக்கு ஒரு வழி தெரிந்திருந்தது, அதனால் நினைத்ததைவிடச் சீக்கிரம் முடிந்தது. பஸ்ஸில் அவர்கள் இருவரும் முன்சீட்டில், நான் பின்சீட்டில். நாரணாபுரம் வரப்போகிற நேரத்தில்தான் செல்வலட்சுமி வாயைத் திறந்தாள்.

“எதுக்குடி அப்படிச் சொன்ன?”

“நீங்க முழிச்சுக்கிட்டு நின்னீங்கக்கா. பாக்கப் பாவமா இருந்துச்சு. அதான்.”

 எனக்கு ஏன் சொல்லவில்லை என்று எழில் ஒரு வார்த்தை கேட்கவில்லை. திட்டியிருந்தால் செல்வலட்சுமி தேவலை என்று நினைத்திருப்பாள், பதிலுக்கு நாலு வார்த்தை பேசியிருப்பாள். எழிலோ பாவம் பார்த்துவிட்டாள்.  செல்வலட்சுமி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அதற்குப் பிறகு நடந்ததையெல்லாம் கேட்டால் செல்வலட்சுமிக்கு நல்ல காலம் என்றுதான் யாரும் சொல்வார்கள். தூதர்கள் மாறினார்கள், அவள் மாற்றினாள். சார் அவளுக்குத் தனி மேஜை போட்டுக் கொடுத்தார். நிரந்தரம் என்று தெரிந்த அன்றைக்கே வேலுத்தாய் அத்தையின் நாக்கு மாறிவிட்டது. வாசலில் நுழைந்தவளை, “வந்துட்டீகளா, செத்த உக்காருங்க” என்றார். செல்வலட்சுமி உட்காரவில்லை. எழில் முற்றத்தில் கடலை உடைத்துக்கொண்டிருந்தாள். அவள் காதில் விழுந்ததா, முகம் எப்படி இருக்கிறது என்று இவள் பார்த்தாள். எழில் ஒரு கை கடலையை நீட்டி, இன்னைக்கு எந்த நாட்டுல ஆள் மாறுனாங்கக்கா என்று கேட்டாள்.

எழில் கொஞ்ச நாள் வீட்டில் இருந்தாள். பிறகு சீசனுக்குப் பட்டாசுக் கடையில் பில் போடப் போனாள். பிள்ளை பிறந்தது. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பஸ் நிறுத்தம் வரை வந்து அக்காவைக் கூட்டிப்போவாள். பிள்ளைக்கு முதலில் வாயில் வந்த நாட்டின் பெயர் எத்தியோப்பியா. தன்னுடைய சீட்டில் இன்னொருத்தி உட்கார்ந்திருக்கிறாள் என்பது அவளுக்கு ஞாபகம் இருப்பதாகவே தெரியவில்லை. நான் அவள் இடத்தில் இருந்திருந்தால் ஊர் முழுக்கச் சொல்லித் தீர்த்திருப்பேன், சத்தியமாகச் சொல்கிறேன்.

கல்யாணமாகி நான் காரியாபட்டிக்குப் போய்விட்டேன். கோயில் பொங்கலுக்கு ஊருக்கு வந்திருந்த ஒரு வருஷம் செல்வலட்சுமியைக் கடைத்தெருவில் பார்த்தேன். ஆள் பூசினாற்போல் இருந்தாள், கையில் தோல்பை, காலில் நல்ல செருப்பு. வளையல் கடையில் வைத்துத்தான் ஹர் எக்ஸலென்சி கதையையும் தலைவலிக் கதையையும் சொன்னாள். கூச்சமே இல்லாமல் சொன்னாள். எழில் நாலு எட்டு எடுத்துவைத்தால் தொடும் தூரத்தில், பிள்ளைக்குப் பலூன் வாங்கிக்கொண்டு நின்றாள்.

சீட்டு உன்னிடம், மரியாதை உன்னிடம், அவளோ சீசனுக்கு சீசன் பில் போடுகிறாள், இன்னுமா உனக்கு அவள் மேல் பொறாமை என்று கிண்டலாகத்தான் கேட்டேன்.

அவள் எழிலையே பார்த்தாள். எங்களைப் பார்த்துவிட்டு எழில் கையை ஆட்டினாள்.

“எம்புட்டோ பாத்துட்டேன்டி” என்றாள் செல்வலட்சுமி. “எனக்குக் கெடச்சதப் பாத்து அவளுக்கு ஒரு நாளாச்சும் வயிறெரியும்னு பாக்கேன். வரவே மாட்டேங்குதே அவளுக்கு.”